கத்தியிடம் கேட்டுவிட்டுத் தறிக்குப் போனவர்

பக்கத்து வீட்டு அண்ணன் குடை வாங்கினால் கடையிலேயே அதை விரித்து, ஒரு செம்புத் தண்ணீர் கேட்டு வாங்கி, மேலே ஊற்றிப் பார்ப்பார். ஒழுகவில்லை என்றால்தான் சட்டைப்பைக்குள் கை போகும். தர்பூசணியைத் தட்டிப் பார்ப்பது எல்லோரும் செய்வது. அவர் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பார், வயிற்றில் இருக்கும் பிள்ளையிடம் பேச்சுக் கேட்பதுபோல. கோயிலில் கொடுக்கும் இட்லியைக்கூட விரலால் அழுத்தி, அது திரும்ப எழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்.

"சாமி குடுத்ததையுமா சோதிப்பீங்க?" என்றேன் ஒருநாள்.

"சாமியயா சோதிக்கிறேன்? சமையக்காரனத்தான்பா."

நம்பிக்கை இல்லாதவர் என்று சொல்ல முடியாது. பார்த்துவிட்டால் முழுசாக நம்பிவிடுவார். பார்க்கிறவரைக்கும்தான் அந்தத் தவிப்பு. அவரிடம் யாராவது ஏதாவது சொல்லும்போது அவர் முகத்தைக் கவனித்திருக்கிறேன். கேட்டுக்கொண்டிருக்கும் கண் ஒன்று, இதை எப்படிச் சோதிப்பது என்று தேடிக்கொண்டிருக்கும் கண் ஒன்று. இரண்டும் ஒரே முகத்தில்.

அவருடைய மச்சினிச்சிக்கு மாப்பிள்ளை பார்த்த கதையைத் தெருவே சொல்லும். பையன் வீட்டார் வந்து உட்கார்ந்து, பஜ்ஜி சாப்பிட்டு, ஜாதகம் பொருந்தி எல்லாம் முடிந்த பிறகு, இவர் உள்ளே போய் ஒரு கைப்பிடி பட்டு நூலை எடுத்துவந்தார். சிக்கல் விழுந்த நூல். பையன் மடியில் போட்டார். "சும்மா பேசிக்கினு இருக்கும்போது இத்த பிரிச்சிடு தம்பி." பையன் முதலில் சிரித்தான். பிறகு வியர்த்தான். பெரியவர்கள் கூரத்துக்குப் போகும் கடைசி பஸ் போய்விடும் என்று எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள். பையன் அறுக்கவில்லை. பல்லால் கடிக்கவில்லை. ஒரு இழை பிரித்து, அடுத்த இழைக்குப் போய், விளக்கு வைக்கிற நேரத்துக்கு முழுசாகப் பிரித்து மடியில் வைத்தான். பஸ் போயே போய்விட்டது. இவர் எழுந்து அவனைக் கட்டிக்கொண்டார். அந்தப் பெண் இன்றைக்கும் நன்றாக இருக்கிறாள் என்பதுதான் இதில் எரிச்சலான விஷயம் என்பாள் அண்ணி.

அண்ணி என்று நான் சொல்வது அவர் மனைவியை. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் அவர்களுடைய தறி, இந்தப் பக்கம் என் மேசை. வாலாஜாபாத் பஸ்ஸைப் பிடிக்க நான் கிளம்பும் முன்பே தறி பேச ஆரம்பித்துவிடும். கோர்வைப் புடவை நெய்கிறவர்கள். உடம்புக்கு ஒரு நிறம், கரைக்கு வேறொரு நிறம். உடம்பும் கரையும் சேருகிற இடத்தில் குறுக்கு நூலைச் சுமக்கும் நாடா மாற வேண்டும், அதனால் இரண்டு பேர் வேண்டும். அவர் தறியின் நடுவில், அண்ணி ஓரத்தில். அவர் வீசுவார், அவள் வீசுவாள், அவர் இழையை நெருக்கும் பலகையைத் தன்பக்கம் இழுத்து அடிப்பார். டக், சிலீர், டக். சுவர் வழியாக அந்தச் சத்தம் என் தேநீர்க் கோப்பையில் வட்டம் போடும். நான் எழுதியவை பலவற்றின் மூச்சு அந்தச் சத்தத்தின் மூச்சுதான். யாரிடமும் சொன்னதில்லை.

அவர் கையின் நடுக்கத்தை முதலில் பார்த்தது நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டீக்கடையில் ஒருநாள் பையன் தம்ளரை நீட்ட, இவர் கை நீட்டாமல் பெஞ்சைக் காட்டினார். "கீழ வைபா, எடுத்துக்கிறேன்." அடுத்த நாளும் அப்படியே. எங்கள் பக்கத்தில் கத்தி, கத்தரிக்கோலைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள். சண்டை வரும் என்பார்கள். கீழே வைத்தால் மற்றவர் எடுத்துக்கொள்வார். இவர் அந்த வழக்கத்தை டீ தம்ளருக்கும் பேனாவுக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் நீட்டிக்கொண்டார். எல்லாவற்றையும் யாராவது கீழே வைக்க வேண்டும், யாரும் பார்க்காத நேரத்தில் அவர் எடுத்துக்கொள்வார். எடுக்கும்போது வலது கையின் கட்டைவிரல், உள்ளங்கைக்குள் யாரோ தட்டுவதுபோல் தட்டிக்கொண்டிருக்கும்.

"டாக்டர் கிட்ட காட்டலாமேண்ணா" என்றேன்.

"காட்டினா பேரு வெப்பாரு. எனக்கு பேரு வோணாம். இது இருக்குதா இல்லியா, எவ்ளோ இருக்குது, அது தெரியணும்."

"தறியிலேயே தெரியுமே."

அப்போதுதான் சொன்னார். கோயில் மதிலோரம் நடந்துகொண்டிருந்தோம். "தறியில கையி பொய் சொல்லும்பா. பழகின வேலை. தூக்கத்துல எழுப்பி உட்கார வெச்சாக்கூட போடும். வேகத்துல நடுக்கம் ஒளிஞ்சுக்கும். கைக்குத் தெரியாத வேலையா ஒண்ணு வேணும். மெதுவா செய்யற வேலை. ஏமாத்த முடியாத வேலை."

மறுவாரம் அவருடைய மகள் கைபேசியில் ஆர்டர் போட்ட பெட்டி வந்தது. பி.காம் படிக்கிறவள். "அங்கிள், எங்கப்பா திடீர்னு பயங்கர ஸ்டைல் ஆயிட்டாரு" என்று கூப்பிட்டாள். போனேன். பெட்டிக்குள் மடக்குச் சவரக்கத்தி. சலூனில் பாதி பிளேடு செருகுகிறார்களே, அந்த மாதிரி இல்லை. கத்தியே கத்தி. கறுப்புப் பிடி, பிரித்தால் விரல் நீளத்துக்கு மேல் ஒரு வெளிச்சம்.

அவர் அதைத் தொடவில்லை. மகளைக் கீழே வைக்கச் சொன்னார். பிறகு எடுத்தார். பட்டு இழை ஒன்றைத் தொங்கவிட்டுக் கத்தியைக் கீழே பிடித்தார். இழை விழுந்ததா, கத்தி நகர்ந்ததா என்று தெரியவில்லை, இழை இரண்டாகியிருந்தது. சின்னக் குழந்தைபோலச் சிரித்தார். "பொய் சொல்லாது இது."

முதல் வேலையே கோணலாகப் போனது. கத்தியைத் தோல் பட்டையில் தீட்ட வேண்டும் என்று மகள் வீடியோ பார்த்துச் சொன்னாள். பழைய பெல்ட்டை ஜன்னல் கம்பியில் மாட்டி, கத்தியைப் படுக்கவைத்து, கூர்ப்பக்கத்தைத் தன்பக்கம் வைத்து இழுத்தார். பெல்ட் வாழைப்பட்டை மாதிரி உரிந்து வந்தது.

"ஐயோ அப்பா! முதுகுப் பக்கம் முன்னாடி போவணும். நீ உல்டாவா இழுக்கற!"

"எல்லாத்தயும் என் பக்கம் இழுத்தே பழக்கம்மா" என்றார், உரிந்த தோலைப் பார்த்துக்கொண்டு. வாழ்நாள் முழுக்கப் பலகையைத் தன் நெஞ்சை நோக்கி இழுத்தவருடைய கை, கத்தியின் கூர்ப்பக்கத்தையும் நெஞ்சை நோக்கித்தான் இழுத்தது. நாங்கள் சிரித்தோம். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

முதல் சவரத்துக்குக் கண்ணாடி பிடிக்க என்னைக் கூப்பிட்டார். வெந்நீரில் நனைத்த துண்டை முகத்தில் போட்டு மயிரை மெத்தென்று ஆக்கினார். சோப்பை நுரைக்கவைத்துப் பூசினார். தோலை இழுத்துப் பிடிப்பதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகள் தளர்ந்தால் நெய்ய முடியாது என்று அறிந்த கை. இடது கையால் காதோரத்தை மேலே இழுத்து, கன்னத்தைத் தறியில் ஏற்றிய துணிபோல விறைப்பாக வைத்தார். பிறகு வலது கை எழுந்தது.

"கண்ணாடிய ஆட்டாதபா."

ஆடியது என் கைதான். பயத்தில். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம். "பாரு, உனக்கும்தான் நடுங்குது!"

கத்தி கன்னத்தில் இறங்கியது. மயிர் அறுபடும் சத்தம் கேட்டது, ஈர மணலில் யாரோ நடப்பதுபோல. ஒரு கன்னம் முடிந்தது. இன்னொரு கன்னம். மோவாய்க்குக் கீழே வரும்போது கட்டைவிரல் தட்டியது. ஒரே ஒரு தட்டு. வெள்ளை நுரையில் ஒரு சிவப்பு இழை ஊடாக ஓடியது.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். முகத்தைக் கழுவினார். உள்ளே போய், தறியில் நடு இடத்தைப் பார்த்தார். உட்காரவில்லை.

"இன்னிக்கு வோணாம்" என்றார் அண்ணியிடம். "துணியில பிழை விழறதுக்கு முன்னாடி மூஞ்சியில விழுந்துடுச்சு. நல்லதுதான்."

அன்றிலிருந்து அதுதான் சட்டம். காலையில் கத்தி. கீறல் இல்லையென்றால் தறி. கீறல் விழுந்தால் அன்றைக்குத் தறிக்கு ஓய்வு. சுவருக்கு இந்தப் பக்கம் காப்பியோடு உட்கார்ந்து நான் காத்திருப்பேன். டக், சிலீர், டக் என்று கேட்டால் மூச்சு விடுவேன். கேட்காத நாள்களில் அந்த அமைதி சுவரைத் தாண்டி வந்து என் காகிதத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளும். நான் எழுந்து பஸ்ஸுக்குப் போய்விடுவேன்.

செவ்வாயும் வெள்ளியும் சவரம் செய்யக் கூடாத நாள்கள். அமாவாசையும் அப்படி. அந்த நாள்களில் கத்தி பெட்டிக்குள் கிடக்கும். சோதனை இல்லை, அதனால் தறி ஓடும். அந்த நாள்களில் அவர் பாட்டுக்கூடப் பாடுவார், குரல் சுவரில் மோதும். நாள் பார்க்காத என் வீட்டில் நான் நாள்காட்டியில் செவ்வாயைத் தேட ஆரம்பித்தேன்.

"ஏண்ணா, புதுசா பழகறவன் எவனா இருந்தாலும் கீறத்தான் செய்யும்" என்று ஒருநாள் சண்டையே போட்டேன். "கையில நடுக்கமே இல்லாத எனக்கும் கீறும். அது பழக்கமில்லாததால. நீங்க அத நடுக்கம்னு எழுதிக்கிறீங்க."

"சரி. நேத்து கீறினது எதால? சொல்லு."

"பழக்கமில்லாம."

"அதுக்கு முந்தின நாளு?"

நான் விரல்விட்டு எண்ண ஆரம்பித்து நடுவில் நிறுத்தினேன்.

"எது பழக்கமில்லாதது, எது நடுக்கம்னு உன்னால பிரிக்க முடியலை இல்ல? என்னாலயும் முடியலபா. அதுக்குத்தான் தெனம் போடறேன். பழக்கம் வர வர, மிச்சம் நிக்கறது நடுக்கம்."

சொற்களை வைத்துப் பிழைக்கிறவன், ஒரு மனிதர் தன் கையையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூலைக் கடை சலூன்காரருக்கு இது ஒரு பெரிய தமாஷ். இவர் முகத்தில் ஒட்டியிருக்கும் காகிதத் துண்டுகளைப் பார்த்துத் தெருவுக்கே கேட்கும்படி கத்துவார். "இன்னாணா, மூஞ்சியில போஸ்டர் ஒட்டிக்கினு எந்தக் கட்சியில நிக்கற?"

"உன் பொழப்ப கெடுக்கற கட்சி" என்பார் இவர்.

"கெடு, கெடு. ஆனா கேட்டுக்கோ. கன்னத்தோட நிறுத்திக்கோ. மோவா, மேலுதடு, தொண்டக் கொட்டை, இதுக்கெல்லாம் போவாத. மொத ஒரு மாசம் மிச்சத்த என்கிட்ட வுடு. நானே அப்படித்தான் கத்துக்கினேன்."

நல்ல யோசனை. ஆனால் இவருக்கு வேண்டியது சவரம் இல்லையே. எங்கே கீறுமோ அங்கேதான் அவர் போனார். சலூன்காரருக்கு அது தெரியாது. தெருவில் யாருக்கும் தெரியாது. நடுவயதில் ஒரு ஆள் இன்டர்நெட் பார்த்துப் பைத்தியமாகிவிட்டார் என்றுதான் பேச்சு.

தறி ஓடாத நாள்கள் கூடின. தறியில் ஏற்றிய புடவை பாதியில் நின்றது, மயில்கழுத்து நிறத்தில், அரக்குக் கரையோடு. நெய்யப் பட்டு நூல் கொடுத்த முதலாளியின் ஆள் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் போனான். எதுவும் சொல்லாததுதான் பயம்.

அன்று ஒரு வியாழன். நான் பஸ்ஸுக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தபோது அடுத்த வீட்டில் மகளின் அலறல். ஓடினேன். அவர் முற்றத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார், மோவாய்க்குக் கீழே துண்டை அழுத்திப் பிடித்தபடி. துண்டு முழுக்கச் சிவப்பு. நிதானமாக இருந்தார். அந்த நிதானம்தான் என்னைக் கலக்கியது. ஆட்டோ பிடித்துப் பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். தையல் போட்டார்கள். ஆழமில்லை, பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர்.

சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது அண்ணி குழாயடியில் எனக்காகக் காத்திருந்தாள். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"தம்பி, அது அவரு கை இல்ல. நான்தான்."

"என்னண்ணி சொல்றீங்க?"

"நேத்து அந்தக் கத்திய எடுத்து, துவைக்கிற கல்லுல நல்லா தேச்சு வெச்சுட்டேன். கூரு போவட்டும்னு. சின்னப் பிள்ளைங்க இருக்கற வீட்டுல அருவாமனைய மழுக்கி வெக்கறது இல்லியா, அந்த மாதிரி. மழுங்கிட்டா கீறாது, கீறலேன்னா தறியில உக்காருவாரு, அவ்ளோதான் நெனச்சேன். மழுங்கின கத்தி இழுத்துக்கினு போவும், அதான் இன்னும் மோசம்னு எனக்கு யாரு சொன்னா?"

நானும் அவளுக்குச் சொன்னதில்லை. எனக்கே தெரியாது.

"அவருகிட்ட சொல்லிடுங்க."

"என்னான்னு சொல்லுவேன்? 'உன் கைய நம்பாமத்தான் கத்திய மழுக்கினேன்'னா? இத்தினி நாளா பக்கத்துல உக்காந்து நாடா வீசறேன். அவரு கட்டவிரலு எந்த மாசத்துல ஆட ஆரம்பிச்சுதுன்னு எனக்குத் தெரியாதா? ஒரு வார்த்த கேட்டதில்ல. இப்ப இத்த சொன்னா கேட்டதா ஆயிடும்." அவள் குடத்தைத் தூக்கினாள். "சொல்லாம விட்டா, கைதான் போச்சுன்னு நெனச்சு தறிய விட்டு எழுந்துடுவாரு. சொன்னா, நானும் அப்படித்தான் நெனச்சேன்னு தெரிஞ்சு எழுந்துடுவாரு. எந்தப் பக்கம் போனாலும் எழுந்துடுவாரு தம்பி."

தண்ணீர் சிந்தச் சிந்த அவள் உள்ளே போனாள். நான் பின்னாலேயே போனேன்.

அவர் மோவாயில் பிளாஸ்திரியோடு கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். மகள் கடைக்குப் போயிருந்தாள். அண்ணி அடுப்படியில் பாத்திரத்தை அளவுக்கு மீறி உருட்டிக்கொண்டிருந்தாள். கத்தி அவர் முன்னால் தரையில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நான் கேட்டேன். எப்படியாவது அவளுக்காக ஒரு வாசலைத் திறந்துவிட வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

"அண்ணா, கத்தி மழுங்கியிருக்கலாம் இல்ல? அதான் இழுத்திருக்கும். உங்க கையால இருக்காது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்தார். பாத்திரச் சத்தம் தொடர்ந்து கேட்கிறது என்று உறுதிசெய்துகொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"மொத இழுப்புலயே தெரிஞ்சுதுபா. பட்டு இழை அறுக்கற கத்தி, அது. மோவாக்குக் கீழ வெச்ச உடனே சொரசொரன்னு நின்னுது. கல்லுல யாரோ தேச்சிருக்காங்கன்னு அப்பவே தெரியும். யாருன்னும் தெரியும்."

"தெரிஞ்சுமா…"

"தெரிஞ்ச உடனே நிறுத்துன்னு கைக்குச் சொன்னேன்." உள்ளங்கையை விரித்தார். கட்டைவிரல் தட்டிக்கொண்டிருந்தது, கதவுக்கு வெளியே நிற்கும் யாரோபோல. "நிக்கலபா. நான் சொல்லிட்டேன், அது போயிட்டே இருந்துது. கத்தி மழுங்கினதுல ஒண்ணுமில்ல. நான் சொல்லி அது கேக்கல. அவ்ளோதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்துது. தெரிஞ்சுட்டுது."

கத்தியை மடக்கினார். மூன்றாம் முறைதான் மடங்கியது.

"அவகிட்ட ஒண்ணும் சொல்லாத. நான் கண்டுபிடிச்சுட்டேன்னு தெரிஞ்சா, தான் செய்ததால ரத்தம் வந்துதுன்னு காலம் பூரா அழுவா. என் கையாலதான்னு நெனச்சுக்கினு போட்டும்."

அவள் சொல்லாததை நான் வைத்துக்கொண்டேன். அவர் சொல்லாததையும் நானே வைத்துக்கொண்டேன். ஒரே சுவர்தான் எங்கள் இரண்டு வீட்டுக்கும். இரண்டையும் இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எந்த வார்த்தையை எந்தப் பக்கம் தள்ளினாலும் யாராவது ஒருவர் மேல் விழும். வீட்டுக்கு வந்து மேசையில் உட்கார்ந்தேன். எழுதவில்லை. அப்படி உட்கார்ந்திருப்பதுகூட ஏதோ செய்வதுபோல் இருந்தது, அதனால் எழுந்து நின்றேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை காலையில் சுவர் பேசியது. டக். நீண்ட இடைவெளி. சிலீர். டக். பழைய மூச்சு இல்லை. வேறு யாரோ கற்றுக்கொள்ளும் மூச்சு.

வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். நடு இடத்தில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். ஓரத்தில், அவளுடைய பழைய இடத்தில், கரை நாடாவை வைத்துக்கொண்டு அவர். ஒரு வாரத்துத் தாடி, பாதி வெள்ளை.

"வாபா" என்றார். "முதலாளி மாறிட்டாங்க. நான் இப்ப அசிஸ்டெண்டு."

"வேலை செய்யறவங்க பேசக் கூடாது" என்றாள் அண்ணி, திரும்பாமல்.

"பாத்தியா, கூலிக்காரனுக்கு மரியாதைய."

அவள் தன் நாடாவை வீசினாள். இனி அவர் முறை. கரை நாடா அவர் கையில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தொடையோடு அழுத்திப் பிடித்தார். நிற்கவில்லை. இன்னும் அழுத்தினார். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் அவர் கையைப் பார்க்கவே இல்லை. "இருங்க, இங்க ஒரு இழை அறுந்து கெடக்குது" என்று சொல்லிப் பாவின்மேல் குனிந்தாள். விரல்களால் மெல்லத் தேடினாள், இடமிருந்து வலம், வலமிருந்து இடம்.

அவர் கை அடங்கும்வரை தேடிக்கொண்டிருந்தாள். நான் நின்ற இடத்திலிருந்து பாவு முழுக்கத் தெரிந்தது. ஓர் இழையும் அறுந்திருக்கவில்லை.